அண்ணன் போட்டுப்போன கோட்டு

அண்ணன் லியனார்டை மண்ணில் இறக்கி இன்றோடு நான்கு நாள். பேசில் இன்னும் சரியாக அழவில்லை. அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூர் சேராஸ் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளினான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அண்ணனின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினான். திங்கட்கிழமை காலையில் கிள்ளானுக்குத் திரும்பி, தோட்டத்துத் துரையின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துரை வந்து மட்கார்டில் பிரம்பால் தட்டினார்.

"லைசென்ஸ்?"

கிள்ளான் சாலையில் போலீஸ் கெடுபிடி அதிகமாகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குச் சம்மன் வந்துவிட்டதாம். அதனால் எல்லாத் துரைமாருக்கும் திடீரென்று லைசென்ஸ் ஞாபகம்.

பேசில் கார்க் கதவின் பைக்குள் கைவிட்டான். எப்போதும் அங்கேதான் இருக்கும், படம் ஒட்டிய அந்தச் சின்ன மடக்குப் புத்தகம். அன்று இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. வீட்டிலும் இல்லை.

"புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். லைசென்ஸ் இல்லை என்றால் டிரைவர் இல்லை" என்றார் துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்த அந்த வருடத்தில் அவர் கோபப்பட வேண்டிய தேவையே இல்லை. கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்பவர்களில் நான்கு பேர் டிரைவர்கள்.

வேலை போனால் தோட்டத்து வீடு போகும். வீடு போனால் லேபர் ஆபீசில் பெயர் கொடுத்து, போர்ட் சுவெட்டென்ஹாமில் கப்பலேறி நாகப்பட்டினம் போக வேண்டியதுதான். பேசில் மட்டும் அல்ல. ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி டோரிஸும், மாதக் கடைசிக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய அண்ணி மகதலேனாவும்.

மகதலேனா பிறந்ததே கிள்ளானில். நாகப்பட்டினம் அவளுக்கு ஒரு கப்பலின் பெயர், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கே பேசில் கோலாலம்பூர் லைசென்ஸ் ஆபீஸ் வரிசையில் நின்றான்.

கம்பிக்குப் பின்னால் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சபாபதி. யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"பேர்?"

"பேசில், ஐயா."

"தகப்பன்?"

"சூசை."

"என்ன அலுவல்?"

"லைசென்ஸ் தொலைஞ்சு போச்சுங்கய்யா. மாத்து லைசென்ஸ் வேணும்."

சபாபதி நிமிரவில்லை. "வாறவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். தொலைஞ்சு போச்சு, தொலைஞ்சு போச்சு எண்டு. அது என்ன, தானே செருப்பைப் போட்டுக்கொண்டு போனதோ?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேசிலும் சிரிக்கப் பார்த்தான்.

"கடைசியா எப்ப கண்டனீர்?"

"வியாழக்கிழமை. தொரைய ஏத்திக்கிட்டு வர்றப்ப பெட்டாலிங் கிட்ட மாத்தா நிப்பாட்டினாரு. எடுத்துக் காட்டினேன். பாத்துட்டுக் குடுத்துட்டாரு."

"குடுத்ததை எங்க வைச்சனீர்?"

"கார்ப் பையில…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

அன்று மழை. சாய்ந்து அடித்த மழை. கதவுப் பை முழுக்கத் தண்ணீர். போலீஸ்காரர் நீட்டிய புத்தகத்தைத் துடைத்து…

"இல்லீங்கய்யா. பை நனைஞ்சு கெடந்துச்சு. கோட்டுக்குள்ள வச்சேன். உள் பையில."

"அப்பிடிச் சொல்லும். கோட்டு எங்க?"

பேசிலின் கை கம்பியைப் பிடித்தது.

துரையைக் கிளப்பில் இறக்கியதும் ஆள் வந்து சொன்னான். அண்ணனுக்குச் சளிக்காய்ச்சல் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வா. துரை தானே காரை ஓட்டிக்கொண்டு போனார். பேசில் நனைந்தபடி ஓடினான். ராத்திரி குவார்ட்டர்ஸுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். விடியும்போது அண்ணன் இல்லை. உடம்பைக் குளிப்பாட்டியபின் அண்ணி கேட்டாள், 'போட்டுவிட நல்ல கோட்டு ஒண்ணும் இல்லையே' என்று. டோரிஸ் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பேசில் பார்த்துக்கொண்டுதான் நின்றான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு டிரைவர் வேலை கிடைத்தபோது அண்ணன் தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டு. அண்ணனுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. அதை நினைத்து அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு திருப்தி.

"கோட்டு எங்க காணும்?"

"அண்ணன் போட்டிருக்காரு, ஐயா."

"சரியாப் போச்சு! தமையனிட்டப் போய் வாங்கிக்கொண்டு வாரும். ஏன் என்ரை நேரத்தை வீணாக்கிறீர்?"

"அண்ணன் சேராஸ் ரோட்டுல இருக்காரு."

"சேராஸ் என்ன சீமையோ? ரிக்‌ஷாவில ஏறினால்…"

"கல்லறையில, ஐயா."

பின்னாலிருந்தவர்களின் சிரிப்பு அறுந்தது. சபாபதி பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"சிவ சிவா."

பிறகு கிராணி கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இஞ்ச பாரும் தம்பி. இருக்கிற இடம் தெரிஞ்ச சாமானைத் தொலைஞ்சது எண்டு நான் எழுதேலாது. உள்ளுக்கு வெள்ளைக்காரன் இருக்கிறான். அவன் முன்னால சத்தியம் பண்ண வேணும், எங்க இருக்குது எண்டு எனக்குத் தெரியாது எண்டு. நீர் வேதக்காரர்தானே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப பைபிளிலதான் கை வைக்க வேணும். உண்மையைச் சொன்னீரெண்டால், தோண்டி எடும் எண்டுதான் அவன் சொல்லுவான். அவனுக்கு அது ஒரு கடதாசி."

பேசில் கம்பியை விடவில்லை.

"இண்டைக்கு நான் உம்மைக் காணேல்லை. வீட்டுக்குப் போய் யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாரும். படம் ரெண்டு கொண்டு வாரும்." சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த ஆள்!"

குவார்ட்டர்ஸ் முன் அறையில் இன்னும் ஊதுவத்தி வாசம் போகவில்லை. பேசில் நின்றபடியே சொல்லி முடித்தான்.

அண்ணிக்குத் துணையாகத் தங்கியிருந்த டோரிஸ் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். அவள் கிள்ளான் கான்வென்ட்டில் ஐந்தாவது வரை படித்தவள். தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேருக்கு ஊர்க் கடுதாசி எழுதிக் கொடுப்பவள் அவள்தான். கையெழுத்துப் போட்டால் கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பாள். வெடுக்கென்று பேசுகிறவள் என்று உறவில் பெயர். இப்போது சுவரிலிருந்த வெற்று ஆணியைப் பார்த்தாள்.

"நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "பையத் தடவிப் பாக்கணும்னு தோணல பாருங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகதலேனா தலையை அசைத்தாள்.

"பித்தான் போட்டது நான். நெஞ்சுகிட்ட வெறைப்பா என்னமோ தட்டுப்பட்டுச்சு. யாரோ அந்தோனியார் படத்த வச்சுவிட்டிருக்காங்கன்னு நெனச்சேன். எப்பவும் வச்சிருப்பாரே. இருக்கட்டும்னு மேலாக்கத் தடவிவிட்டேன்."

சற்றுப் பொறுத்துக் கேட்டாள், "அதுல உங்க படம் ஒட்டியிருக்குமா தம்பி?"

"ஆமா அண்ணி."

"அப்ப உங்க மூஞ்சிதான் அவர் நெஞ்சுமேல இருக்கு."

பேசில் சட்டென்று நிமிர்ந்தான்.

"எனக்கு அது ஆறுதலாத்தான் இருக்கு" என்றாள் மகதலேனா. உடனே குரல் மாறியது. "தோண்டக் கூடாது தம்பி. நாலு ராத்திரி இருமி இருமி ஒக்காந்தே கெடந்தாரு. இப்பதான் படுத்திருக்காரு. எழுப்பாதீங்க."

"யாரும் தோண்டச் சொல்லலக்கா" என்றாள் டோரிஸ். கணவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் போங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை."

"பைபிள் மேல கை வச்சா?"

"ஆண்டவர் என்ன லைசென்ஸ் ஆபீஸ் கிராணியா, ஒண்ணொண்ணா எழுதி வச்சுக்கிட்டு இருக்க?"

"டோரிஸ்! அண்ணன் செத்து ஒரு வாரம் ஆகல. அவர் நெஞ்சுல இருக்கிறது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சத்தியம் பண்ணினா அவரையே இல்லைன்னு சொன்ன மாதிரி இருக்கும்."

"சரி. சொல்லாதீங்க." டோரிஸ் எழுந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. "போன வருசம் ஒரு புள்ளைய கிள்ளான்ல பொதைச்சோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா போய்ப் பாக்கவாவது முடியுது. கப்பல்ல ஏதாவது ஆச்சுன்னா இத கடல்ல போடச் சொல்றீங்களா?"

பேசில் சுவரைப் பார்த்தான்.

"நான் வேணா கப்பல்ல போயிடுறேன்" என்றாள் மகதலேனா மெதுவாக. "ஒரு வயிறு கொறையும்."

"நீங்க போனா இவருக்கு லைசென்ஸ் மொளைச்சிடுமாக்கா? சும்மா இருங்க."

எந்த வழியில் போனாலும் படம் வேண்டும். அதைச் சாக்கு வைத்துக்கொண்டு பேசில் வெளியே இறங்கினான். வாசல் தாண்டும்போது டோரிஸ் கேட்டாள்.

"அந்தக் கிராணி ஐயா எத்தன மணி வரைக்கும் இருப்பாரு?"

"நாலு. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

இரண்டு வருடத்துக்கு முன் லைசென்ஸ் படம் எடுத்த சீனன் ஸ்டூடியோ அதே இடத்தில்தான் இருந்தது. ஸ்டூடியோ முதலாளி தவுக்கே அவனை முகம் பார்த்தே கண்டுகொண்டார். நாற்காலியைக் காட்டினார். பிறகு அவன் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பாஜூ மானா?"

அந்தக் கறுப்புக் கோட்டு எங்கே என்று கேட்கிறார். காலையிலிருந்து இரண்டாவது ஆள்.

"தாடா" என்றான் பேசில். இல்லை.

தவுக்கே யோசித்தார். உள்ளே போனார். தகரப் பெட்டிகள் இழுபடும் சத்தம். கண்ணாடித் தகடு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பழைய படத்தின் தகடு. புதிதாக எதற்கு, இதிலேயே இன்னும் இரண்டு போட்டுத் தருகிறேன், பழசே நன்றாக இருக்கும், நாலு மணிக்கு வா என்று கையாலும் மலாயாலும் சொன்னார்.

நாலு மணிக்கு இரண்டு சின்னப் படமும் தயாராக இருந்தன. கழுத்துக்கு மேல் வெட்டியவை. கூடவே வெட்டாத முழுப் படம் ஒன்று. மாதிரிக்குப் போட்டது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்.

பேசில் அதை வாங்கிப் பார்த்தான்.

நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அவன். புதுக் கோட்டு. படத்தின் ஓரத்தில், சட்டத்துக்கு வெளியிலிருந்து நீண்டு வந்த ஒரு கை அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

ரயில்வே ஷெட்டில் பிட்டர் வேலை பார்த்தபோது லியனார்ட் இழந்த கணு அது.

அன்று அண்ணன் சொன்னது இப்போது காதில் விழுந்தது. 'ஆடாம இருடா. கோட்டு கோணிக்கிட்டுக் கெடக்கு. தொரை பாத்தா என்ன நெனப்பாரு?' தவுக்கே கத்தினார், கையை எடு, கையை எடு என்று. கை எடுபடுவதற்குள் படம் விழுந்துவிட்டது.

லியனார்ட் தன் வாழ்நாளில் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கல்யாணத்துக்குக்கூட. அப்புறம் பார்த்துக்கலாம் என்றே காலத்தைத் தள்ளினான். அவன் இருந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் இந்தக் கைதான்.

பேசில் ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கத் தொடங்கின. நான்கு நாளாகக் காத்திருந்தது எல்லாம் வந்தது. தவுக்கே கதவைப் பாதி சாத்திவிட்டு, உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தான். பொய்ச்சத்தியம் வேண்டாம். தோண்டவும் வேண்டாம். நாளைக்குக் கிள்ளானுக்குப் போய்த் துரையிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும். தார் போடுகிற வேலைக்காவது ஆள் வேண்டாமா என்ன? டோரிஸ் திட்டுவாள். திட்டட்டும்.

குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது ஆறு மணி ஆகியிருந்தது. மகதலேனா மட்டும் இருந்தாள்.

"டோரிஸ் எங்க அண்ணி?"

"மத்தியானமே கோவிலுக்குப் போறேன்னு போனா. இன்னும் காணோம்."

படத்தை அவளிடம் கொடுத்தான். என்ன ஏது என்று சொல்லவில்லை. மகதலேனா ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். முதலில் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓரத்தைப் பார்த்தாள்.

அந்தச் சின்னக் கையின் மேல் தன் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"நகத்துல மசி பாருங்க" என்றாள். "எத்தன தடவ சோப்புப் போடச் சொல்லியிருப்பேன்."

படத்தை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

கோவில் மணி அடித்தபோது டோரிஸ் வாசலில் ஏறினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தலையில் முக்காடு. கால் வீங்கியிருந்தது. நேரே போய்த் தண்ணீர் குடித்தாள்.

அண்ணன் இறந்த நாளிலிருந்து தினமும் இந்த நேரத்தில் செபமாலை சொல்கிறார்கள். டோரிஸ்தான் சொல்லிக் கொடுப்பாள். கான்வென்ட் பழக்கம். மணியைத் தள்ளும் வேகத்தில் மற்ற இருவரும் திணறுவார்கள்.

மகதலேனா மெழுகுவர்த்தி ஏற்றினாள். செபமாலையை எடுத்து நீட்டினாள்.

டோரிஸ் வாங்கவில்லை.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்கக்கா."

"ஏன், முடியலையா?"

"நீங்க சொல்லுங்களேன்."

சிலுவை அடையாளம் போட அவள் கையும் எழவில்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பேசில் அதைக் கவனித்தான். மெதுவாக முந்தானையை விலக்கினான்.

அவள் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. கை நாட்டு வைத்த மை.

"எதுக்கு வச்ச?"

டோரிஸ் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோட்ட மச்சானுக்குப் போடுறதுக்கு முன்னால பையில இருந்த காகிதத்த எல்லாம் எடுத்து அடுப்புல போட்டேன்னு சொன்னேன். என்ன காகிதம்னு எனக்குத் தெரியாது, படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். எரிஞ்சு போச்சுன்னா மாத்து குடுப்பாங்களாம்."

"எது மேல கை வச்சுச் சொன்ன?"

"பைபிள்லதான். வெள்ளக்காரன் முன்னால."

பேசில் அந்த விரலையே பார்த்தான். லயத்தில் பாதிப் பேருக்குக் கடுதாசி எழுதுகிறவள். கையெழுத்துக்கு வால் இழுக்கிறவள்.

"படிச்சவள்னு தெரிஞ்சா நம்ப மாட்டாங்கல்ல" என்றாள் டோரிஸ். "அந்த யாழ்ப்பாணத்து ஐயா என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. பெருவிரலை வையும் பிள்ளைன்னாரு. வச்சேன். ரெண்டு தடவ அழுத்தினாரு."

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு…"

"அதனாலதான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு நீங்க போகணும். நான் சொன்னது நெஜம்னு அடியில கையெழுத்துப் போடணும். போட்டா லைசென்ஸு. போடலைன்னா நான் பொய்ச்சத்தியம் பண்ணினவ. என்ன செய்வாங்கன்னு அந்த ஐயா சொல்லல. நானும் கேக்கல."

பேசிலின் சட்டைப் பையில் இரண்டு சின்னப் படங்கள் இருந்தன. ஸ்டூடியோ பெஞ்சில் எடுத்த முடிவு எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

மகதலேனா நகர்ந்து வந்து டோரிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலைத் தேய்த்தாள். லியனார்டின் நகத்து மசியைத் தேய்த்துப் பழகிய கை. அழுத்தித் தேய்த்தது.

மை கொஞ்சமும் விடவில்லை.

"நாளைக்கு நானும் வரேன் ஆபீசுக்கு" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"பித்தான் போட்டது நான். பையில ஒண்ணும் இல்லைன்னு நானும் சொல்றேன்" என்றாள் மகதலேனா. செபமாலையை எடுத்தாள். முதல் மணியைத் தன் விரலுக்கும் டோரிஸின் கறுத்த விரலுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.